சுதன் பிடித்து வைத்த தண்ணீர்

ஜனவரி 8, திங்கள்

வினோதான் என்னை எழுதச் சொன்னாள். அவள் வைத்திருக்கிற பச்சை அட்டைப் புத்தகத்தில் போட்டிருக்கிறதாம், செடி கொடி பூச்சியைப் பற்றிப் படிக்கிறவர்கள் கண்ணால் பார்த்ததைத் தினமும் எழுதி வைக்க வேண்டும் என்று. "நான் மட்டும் எழுதுனா பத்தாதும்மா, நீயும் எழுது. பாத்தத மட்டும் எழுதணும். நெனச்சத எழுதக் கூடாது."

நான் அஞ்சாவது பாதியிலேயே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதி ரொம்ப காலமாச்சு. தப்பு இருந்தால் இருக்கட்டும்.

பார்த்தது: வேப்பமரத்தடியில் குழியானைப் பூச்சி. மாவு சலித்த மாதிரி மண்ணில் சின்னச் சின்னக் குழி. வினோ ஒரு எறும்பை உள்ளே தள்ளிவிட்டாள். குழிக்கு அடியில் இருந்து அது மண்ணை வாரி வாரி அடித்தது. எறும்பு ஏற ஏறச் சரிந்தது. நான் எறும்பை எடுத்து வெளியே விட்டுவிட்டேன்.

"பாடத்தக் கெடுத்துட்டம்மா" என்று கோவித்துக்கொண்டாள்.

கெட்டால் கெட்டுப் போகட்டும்.

ஜனவரி 10, புதன்

இன்று தண்ணீர் வந்தது. இந்த ஊரில் தண்ணீர் வருகிற நாள்தான் எங்களுக்குத் திருநாள். டிரம் எல்லாவற்றையும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிப் பிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் வேட்டித் துணி கட்டி, மேலே பலகை வைத்து, பலகை மேல் கல் வைத்தேன். பக்கத்து வீட்டு ராசாத்தி மதினி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏ செம்பா, தண்ணியவா புடிச்சு வச்ச, தங்கத்தையா?"

கல்லை நகர்த்திச் சரியாக வைத்தேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். சிரிக்கலாம்.

ஜனவரி 13, சனி

ஜெபசெல்வி டீச்சர் மறுபடியும் வந்தாள். வினோவுக்கு ஆறாம் வகுப்பு டீச்சர். முதல் தடவை வந்தபோது வாசலில் வைத்தே கத்திவிட்டேன். உங்க பள்ளிக்கூடத்துத் தொட்டியில இருந்த கொசுதான் எம் பிள்ளையக் கொன்னுச்சு, இருக்கிற ஒண்ணையும் அனுப்பி வைக்கணுமா என்று கேட்டேன். வேற யாராவது என்றால் திருப்பிக் கத்தியிருப்பார்கள். அவள் பையில் இருந்து பச்சைப் புத்தகத்தையும் ஒரு லென்சையும் எடுத்து வாசல் கல் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

இன்றைக்கு இன்னும் இரண்டு புத்தகம். ஒன்று வானத்தைப் பற்றி. ஒன்று விதையைப் பற்றி.

"வீட்லயே படிக்கட்டும்னா படிக்கட்டும்மா. ஆனா படிப்பு நிக்கக் கூடாது."

"நான் சொல்லிக் கொடுப்பேன்."

"சரிம்மா" என்றாள். சிரிக்கவில்லை. அதனால் தண்ணீர் கொடுத்தேன்.

பச்சைப் புத்தகத்தில் கொசு என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை மட்டும் தாண்டிப் போகச் சொன்னேன் வினோவை. பெரிய கொசுப் படம் போட்டிருக்கிறது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். எங்களுக்கு இந்த வருஷம் கிடையாது. மதினி வீட்டில் குலவை போட்டார்கள். கதவைச் சாத்தினேன்.

ஜனவரி 18, வியாழன்

உளுந்தை ஈரப் பஞ்சில் ஒட்டி வைத்தோம். சிலதை நேராக, சிலதைத் தலைகீழாக. எப்படி வைத்தாலும் வேர் வளைந்து கீழேதான் போகிறது. "கீழ எதுன்னு அதுக்கு எப்படித் தெரியுது?" என்று வினோ கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. இரண்டு பேரும் வாசித்தோம். அவள் வேகமாக வாசித்துவிட்டு எனக்காக விரலை ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினாள். பாதி புரிந்தது.

சுதன் இருந்தால் இதற்குள் பஞ்சைப் பிய்த்திருப்பான்.

பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். அவன் பிய்க்கவில்லை. பஞ்சு அப்படியே இருக்கிறது.

ஜனவரி 20, சனி

சுதன் படத்துக்கு முன்னால் இருக்கிற செம்பைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. எல்லா வீட்டிலும் இறந்தவர்களுக்குத் தண்ணீர் வைப்பார்கள். தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக வைப்பார்கள். நான் கொட்டுவதில்லை.

ஐப்பசி மழை நேரம். அன்றைக்குத் தண்ணீர் வந்தது. நான் குழாயடியில் நின்றேன். ரெண்டாம் வகுப்புப் பிள்ளை, குடம் தூக்க முடியாது. அதனால் பித்தளைச் செம்பை எடுத்துவந்து அவனே பிடித்தான். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சிந்தாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போனான். "எம்மா, இது ஒனக்கு. நீதான் குடிக்கணும்." வேலை மும்முரத்தில் குடிக்கவில்லை. மத்தியானம் அவனுக்கு உடம்பு கொதித்தது. அடுத்த வாரம் அவன் இல்லை. டெங்கு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

காரியம் முடிந்து வீட்டைக் கழுவும்போது அலமாரியில் செம்பு அப்படியே இருந்தது. அவன் பிடித்த தண்ணீர். எப்படிக் கொட்டுவேன்? குறையக் குறைய மேலே கொஞ்சம் ஊற்றி வைக்கிறேன். காய விட மாட்டேன். அவன் பிடித்தது அதற்குள்தானே இருக்கும்.

வினோ இப்போதெல்லாம் லென்சை எடுத்துக்கொண்டு தம்பி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். படத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பாள் போலிருக்கிறது. கூப்பிட்டால் திடுக்கிடுகிறாள். பாவம்.

ஜனவரி 22, திங்கள்

பட்டப்பகலில் வினோ காலில் கொசு. அடித்தேன். ரத்தம். யாருடைய ரத்தம் என்று எனக்குத் தெரியாதா?

எங்கிருந்து வருகிறது? எங்கள் டிரம்மில் ஒரு புழு கிடையாது. வெளியே ஓடினேன். மதினி வீட்டுக் கொல்லையில் பழைய லாரி டயர் கிடந்தது.

"மதினி, அந்த டயர எடுத்துப் போடுங்க. அதுலதான் கொசு முட்ட போடுது."

"அதுல எங்க ஆடுல்லா படுக்கு? தண்ணி எங்க நிக்கி? வந்து பாரு."

"மழ பெஞ்சா நிக்கும்."

"தை மாசத்துல எங்க செம்பா மழ? ஒனக்குன்னு தனியாப் பெய்யுதா?"

அப்புறம் நான் என்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். அவள் பிள்ளைகளை இழுத்துவிட்டேன். அவள் டயரை ஒற்றை ஆளாகத் தூக்கித் தெருவில் எறிந்தாள். "இந்தா, ஒன் கண்ணு குளிரட்டும்" என்று உள்ளே போய்விட்டாள். ஆடு டயர் இருந்த இடத்திலேயே போய்ப் படுத்தது.

டயர் உள்ளே காய்ந்துதான் இருந்தது. அதையும் பார்த்தேன்.

ஜனவரி 24, புதன்

வினோ செம்பின் வாயில் வெள்ளைத் துணி கட்டி, ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறாள். அவள் அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்தது. இரண்டு மடிப்பு.

"எதுக்குட்டி?"

"தூசி விழுதும்மா. பூ எதழும் விழுது. தம்பி தண்ணி அழுக்காயிரும்."

கண் கலங்கிவிட்டது. இனிமேல் துணி மேலேயே ஊற்றினால் போதும், ஊறி உள்ளே இறங்கிவிடும், கழற்றவே வேண்டாம் என்றாள். ஆனால் தினமும் ஊற்ற வேண்டாமாம், மூடியிருந்தால் சீக்கிரம் வற்றாதாம். இவளுக்கு எவ்வளவு புத்தி.

ஜனவரி 29, திங்கள்

கொசு மருந்து ஊற்றுகிற காளீஸ்வரி வந்தாள். நகராட்சி வேலை, சின்னப் பிள்ளைதான், தோளில் பை, கையில் டார்ச். டிரம்மை எல்லாம் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"அக்கா, இந்தத் தெருவுலயே ஒங்க வீடுதாங்கா சுத்தம். நாலு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி காட்டணும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள் அறையையும் பார்த்துவிடுகிறேன் என்று போனாள். வினோ நிலைப்படியில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"உள்ள தம்பி படம் இருக்குக்கா. செருப்போட வரக் கூடாது."

"கழட்டிட்டு வாரேன் தாயி."

"வேண்டாம். உள்ள தண்ணியே கெடையாது."

காளீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் விடும்மா என்று சொல்லிவிட்டேன். தம்பி மேல் இவளுக்கு அவ்வளவு பாசம்.

போகும்போது வினோ கூடவே தெருமுனை வரைக்கும் போய் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை வாசலைத் தாண்ட விடுவதில்லை, ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். "அக்கா, தண்ணியக் கொட்டாம புழுவ மட்டும் கொல்ல முடியுமா?" என்பதுதான் என் காதில் விழுந்தது. பாடத்தில் எப்போதும் இப்படித்தான், எதையும் விட மாட்டாள்.

கொசுப் பாடத்தைத் தாண்டச் சொன்னேனே. படித்திருக்கிறாள். திட்டினேன்.

ஜனவரி 31

ஒன்றும் பார்க்கவில்லை. உட்கார முடியவில்லை. துவைத்ததையே மறுபடி துவைத்தேன். வினோவின் நெற்றியை நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தால் "எம்மா, ஒன் கைதான் சுடுது" என்கிறாள்.

பிப்ரவரி 2, வெள்ளி

டீச்சர் வந்தாள். நான் கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் அவர்கள் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"ஒனக்கு ஸ்கூலுக்கு வர ஆசையில்லையா வினோதினி?"

"ஆசைதான் டீச்சர்."

"அம்மாகிட்ட நான் பேசட்டுமா?"

"வேண்டாம் டீச்சர். எங்கம்மா தனியா இருந்தா ஒண்ணும் திங்க மாட்டா. பாடம்னா கூட உக்காருவா. அதுல மறந்துருவா. கொஞ்ச நாள் போகட்டும்."

பிள்ளை வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். நான் சாப்பிடாமல் இருந்தது எப்போது?

மத்தியானம் சோறு மிஞ்சிவிட்டது. தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

பிப்ரவரி 5, திங்கள்

நாக்பூரில் இருந்து இவர் போன் பண்ணினார். லாரியில் லோடு ஏற்றுகிறார்களாம்.

"செம்பா, புள்ளைய ஸ்கூலுக்கு விடு. வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சா என்ன ஆவறது?"

"பூட்டலையே. படிக்கா. நெழல அளந்து மணி சொல்லுதா தெரியுமா?"

"அதச் சொல்லிக் காட்ட ஒரு கூட்டாளி வேண்டாமா அவளுக்கு?"

நான் போனை வைத்துவிட்டேன். லாரியில் சுற்றுகிறவருக்கு என்ன தெரியும்? பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றைக்கு அவர் சூரத்தில். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

செம்புத் துணி மேல் இன்றைக்கு நிறையத் தண்ணீர் ஊற்றினேன்.

பிப்ரவரி 7, புதன்

வினோவுக்குக் காய்ச்சல்.

பிப்ரவரி 8, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் கத்திவிடுவேன்.

காலையில் ஆட்டோ கிடைக்கவில்லை. வினோவைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். பதினொரு வயசுப் பிள்ளை, கால் தரையில் தட்டியது. ராசாத்தி மதினி பார்த்துவிட்டு ஓடிவந்து, வினோவின் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தோம். அங்கே ஆட்டோ கிடைத்தது. மதினியும் ஏறிக்கொண்டாள். அவள் ஜாக்கெட் ஊக்கை மாற்றி மாட்டியிருந்தாள், அவசரத்தில்.

ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வரக் காத்திருக்கச் சொன்னார்கள்.

வினோ என் மடியில் படுத்துக்கொண்டு சொன்னாள்: "எம்மா, நான் செத்துப் போயிட்டாலும் செம்புத் துணியக் கழட்டிராத. உள்ள நெறைய இருக்கு. வெளிய வந்துச்சுன்னா ஒன்னைக் கடிச்சிரும்."

என்ன சொல்கிறாள் என்று முதலில் புரியவில்லை.

அப்புறம் புரிந்தது.

பிப்ரவரி 8, பின்னேரம்

டெங்கு இல்லை. சளிக் காய்ச்சல். மூன்று நாள் மாத்திரை. டாக்டர் இரண்டு தடவை சொன்னார். மதினியிடமும் ஒரு தடவை சொல்லச் சொன்னேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

வினோ தூங்கும்போது செம்பை எடுத்துக்கொண்டு முற்றத்து வெயிலுக்கு வந்தேன். துணியைக் கழற்றினேன்.

பார்த்தது மட்டும்.

துணிக்கு உள்பக்கம் கொசு ஒட்டிச் செத்திருந்தது. நாலைந்து. காலில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை. தண்ணீரில் புழு. தலையைக் கீழே போட்டுத் தொங்கிக்கொண்டு, நிழல் பட்டதும் நெளிந்து அடியில் இறங்கியது. சாமந்தி இதழ் அழுகிக் கிடந்தது.

பச்சைப் புத்தகத்தை எடுத்துவந்தேன். கொசுப் பாடம். வினோ பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். இந்த ஜாதிக் கொசு சாக்கடையில் முட்டை போடாதாம். நல்ல தண்ணீரில், பாத்திரத்தின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒட்டி வைக்குமாம். முட்டை காய்ந்து போனாலும் மாசக்கணக்கில் சாகாதாம். மறுபடி தண்ணீர் ஏறி நனைத்தால் பொரித்துவிடுமாம்.

அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தண்ணீர் ஏறி நனைத்தால்.

யார் ஏற்றினார்கள்?

வினோ எழுந்து வந்து பின்னால் நின்றாள். நான் அடிப்பேன் என்று பயந்த மாதிரி தள்ளி நின்றாள்.

"எப்பருந்துட்டி தெரியும்?"

"பொங்கலுக்கு மறுநாள்லருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கொட்டணும்லா. அது தம்பி புடிச்ச தண்ணின்னு நீ சொன்ன." அப்புறம் மெதுவாகச் சொன்னாள், "டிரம்முக்கு நீ கட்டுதல்லா, அதே மாதிரி கட்டுனேன். உள்ளயே செத்துரும்னு பாத்தேன். நீ ஊத்த ஊத்தப் புதுசு வந்துக்கிட்டே இருந்துச்சு."

துணி கட்டுவதற்கு முன்னால் எத்தனை பறந்து போனதோ. அவள் காலில் அடித்தது எதுவோ. நான் போய் மதினியின் டயருக்காகச் சண்டை போட்டேன்.

செம்பை மறுபடி மூடி வைத்துவிட்டேன். இன்றைக்கு முடியாது.

பிப்ரவரி 10, சனி

இன்றைக்கும் முடியவில்லை.

காளீஸ்வரியைத் தெருவில் பார்த்தேன். கூப்பிட்டுக் காட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். படத்தைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள். "எத்தன வீட்லக்கா நான் சாமி செம்பு, படத்துச் செம்புன்னு பாக்கேன். யாரும் தொட விட மாட்டாங்க" என்றாள். சாக்கடையில் கொட்டாதீங்க, காய்ந்த மண்ணில் கொட்டினால் புழு செத்துவிடும், ஆனால் கொட்டினால் மட்டும் போதாது, உள்ளே சுற்றித் தேய்க்க வேண்டும், முட்டை ஒட்டியிருக்கும் என்றாள்.

"நான் கொட்டட்டுமாக்கா?"

வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

வினோவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இட்லி கேட்டாள். இவர் விடியக்காலையில் வந்து சேர்ந்தார். எல்லாம் சொன்னேன். தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சூண்டு பாட்டில்ல எடுத்து வைப்பமா?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தச் செம்பு அவருக்கும் இவ்வளவு பெரிசு என்று நான் நினைக்கவில்லை.

"வேண்டாங்க. அதுலயும் இருக்கும்."

வெயில் ஏறிய பிறகு கொல்லையில் கரிசல் மண் வெடித்துக் கிடக்கிற இடத்துக்குப் போனோம். நான்தான் ஊற்றினேன். மெதுவாக ஊற்ற வேண்டும் என்று நினைத்தேன், கை கேட்கவில்லை, ஒரேயடியாகக் கவிழ்ந்துவிட்டது. தண்ணீர் வெடிப்பில் இறங்கியது. புழு மேலே தங்கி நெளிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நெளிவது நிற்கிற வரைக்கும் பார்த்தேன். வினோ லென்ஸ் எடுத்து வரவில்லை.

என் மகன் கை பட்ட தண்ணீரை மண் குடித்த சத்தம் கேட்டது என்று எழுதலாம். கேட்கவில்லை. ஈரம் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

இவர் மண்ணில் உட்கார்ந்து அழுதார். ஆஸ்பத்திரியில் கூட அழாதவர். மதினி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். பிறகு ஒரு கிண்ணம் ரசம் வந்தது, வினோவுக்கு.

பிப்ரவரி 12, திங்கள்

காலையில் புளியும் நாரும் எடுத்துக்கொண்டு செம்போடு உட்கார்ந்தேன். உள்சுவரில் கறுப்பாகப் பொடிப் பொடியாக ஒட்டியிருந்தது. கையை விட்டேன். தேய்க்க வரவில்லை. அவன் விரல் பட்டது வெளிப்பக்கமா உள்பக்கமா என்று ஒரு யோசனை. பித்தளை என் முகத்தைக் காட்டியது.

வினோ வந்து பக்கத்தில் குத்த வைத்தாள். நாரை வாங்கக் கையை நீட்டினாள்.

"குடும்மா, நான் தேய்க்கேன்."

"ஒனக்கு வேல இல்லையா? போயி யூனிபார்ம் போடு. பெல் அடிச்சிரப் போறான்."

அவள் அசையவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"நீ சாப்புடுவியா?"

"ஏட்டி, நான் என்ன பச்சப்புள்ளையா? போ."

ஓடினாள். பாவாடை இடுப்பில் ஏறவில்லை, மூன்று மாசத்தில் வளர்ந்திருக்கிறாள். ஊக்குப் போட்டு விட்டேன்.

நானும் கூடப் போனேன். கேட்டில் ஜெபசெல்வி டீச்சர் நின்றாள். பள்ளிக்கூடத்துத் தொட்டி தெரிந்தது, மூடி போட்டு. முன்னாலேயே மூடி இருந்ததா, பிறகு போட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

"டீச்சர், நான் அன்னைக்குச் சொன்னது. எந்தத் தண்ணியிலருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது டீச்சர்."

அவள் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எனக்கும் தெரியாதும்மா" என்றாள். "அவன் போனதுலருந்து தெனமும் அந்தத் தொட்டியத் தெறந்து பாக்கேன்."

வினோ திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கூட்டாளிகள் சூழ்ந்துகொண்டார்கள். அவள் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள். குழியானை மண்ணை வாரி அடிக்கிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து செம்பைத் தேய்த்து முடித்தேன். வெயிலில் கவிழ்த்து வைத்தேன். இவர் தூங்கினார். உட்கார முடியவில்லை. தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடந்தேன்.

சாயங்காலம் வந்தாள். பையை வீசினாள். கணுக்காலில் கொசு கடித்த தடிப்பு, சொறிந்து சிவந்திருந்தது. பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

தேங்காய் எண்ணெய் தடவினேன். சோறு போட்டேன். நானும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.